சூட்டில் பிடித்த வால்வு

இன்ஜின் சூடேறினால் நின்றுவிடுகிறது என்று புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நின்ன உடனே கிக்கரை மிதிச்சீங்களா? கால் எப்படிப் போச்சு?"

பிளக்கில் நெருப்பு வருகிறதா, பெட்ரோல் இறங்குகிறதா என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் பழைய புல்லட்டில் சூட்டில் மட்டும் வரும் கோளாறுகளைப் பிரித்துப்போட அந்தக் கால்தான் முதல் கருவி. கண்டன்சரோ காயிலோ சூட்டில் படுத்தால் கிக்கரில் கம்ப்ரஷன் வழக்கம்போல இருக்கும், வண்டி மட்டும் பிடிக்காது. புதிதாகப் போர் போட்ட சிலிண்டரில் பிஸ்டன் இறுகினால் கிக்கர் அசையவே அசையாது. கால் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை இறங்கினால், அடைபட வேண்டிய ஏதோ ஒன்று அடைபடவில்லை என்று பொருள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கொண்டுவந்த வண்டிக்கு மூன்றாவது பதில்தான் கிடைத்தது. "சும்மா போச்சுப்பா. கயிறு அறுந்த மாதிரி. அரை மணி நேரம் ஓரமா உக்காந்திருந்தேன். அப்புறம் ரெண்டாவது மிதியில ஸ்டார்ட் ஆயிருச்சு."

அது அவருடைய அப்பா எழுபதுகளில் வாங்கிய 350. திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்தது. என்ஃபீல்டு இந்தியா 1955இல் மெட்ராஸில் தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டித்தான் வண்டி செய்தார்கள். பிறகு எல்லாம் இங்கேயே செய்யத் தொடங்கி, அங்கே தாய்க் கம்பெனி 1970இல் மூடிய பிறகும் அதே இன்ஜின் மெட்ராஸிலிருந்து வந்துகொண்டே இருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. வார்ப்பிரும்புச் சிலிண்டர், அதன் தலையில் அலுமினிய ஹெட். கம்ப்ரஷன் 6.5க்கு 1 என்பது இன்றைய கணக்கில் மிகக் குறைவு. அதனாலேயே கொஞ்சம் கசிந்தாலும் பொறுத்துக்கொண்டு ஓடும். இந்தப் பொறுமைதான் மெக்கானிக்குகளை ஏமாற்றுவதும்.

வண்டி சமீபத்தில்தான் முழுதாகப் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. போர் போட்டுப் புது பிஸ்டன், ரிங், இரண்டு புது வால்வு, இரண்டு புது வால்வு கைடு. ஹெட் வேலையை ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கி, வேறொரு மெக்கானிக் பூட்டியிருந்தார். சேலம் ஊருக்குள் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் தெரியவில்லை. ஏற்காட்டுக்கு ஏறினால்தான் தொல்லை. மொத்தம் இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவில் பாதியைத் தாண்டுவதற்குள் இழுவை குறையும், சைலன்சரில் இரண்டு வெடி வெடிக்கும், அப்புறம் நின்றுவிடும். முந்தைய மெக்கானிக் கண்டன்சரை மாற்றினார், காயிலை மாற்றினார், பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றோட்டத் துளையைக் குத்திவிட்டார். சூட்டில் நிற்கும் வண்டிக்கு இவை நியாயமான சந்தேகங்கள்தான். டேங்க் மூடித் துளை அடைபட்டு அரை மணிக்கு ஒருமுறை நிற்கும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் எதுவும் கிக்கரைச் சும்மா போகவிடாது.

கம்ப்ரஷன் போவதற்கு வழிகள் சில. ரிங் வழியாகக் கீழே போகலாம். ஆனால் புது ரிங் சூட்டில் திடீரென்று கைவிட்டு, ஆறியதும் திரும்பி வராது. ஹெட் கேஸ்கெட் போனால் ஓரத்தில் எண்ணெய்க் கறை காட்டிக்கொடுக்கும். டீகம்ப்ரஷர் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இடது கைப்பிடியில் இருக்கும் அந்தச் சின்ன நெம்புகோலின் கேபிள், ஹெட்டில் இருக்கும் ஒரு குட்டி வால்வைத் திறக்கும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு பொட்டு தாண்டவிட்டு, பிறகு முழு மிதி மிதிப்பது பழைய புல்லட்காரர்களுக்குப் பல் துலக்குகிற மாதிரிப் பழக்கம். அந்தக் கேபிளில் தளர்வு இல்லாவிட்டால் ஹேண்டிலை ஒடிக்கும்போது குட்டி வால்வு லேசாகத் திறந்துகொள்ளும். வளைவுகளில் நிற்கும் வண்டிக்கு இது பொருத்தமாகத்தான் தோன்றியது. கேபிளைக் கழற்றிவிட்டே மலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

பட்டறையில் வைத்து இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கிப் பார்க்கலாமே என்று உதவிக்கு இருக்கும் பையன் கேட்டான். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்கும் இரண்டாவது கியரில் இரண்டு ஆளைச் சுமந்து ஏறும் இன்ஜினுக்கும் சூடு ஒன்றல்ல. வெளியே தொட்டால் இரண்டும் சுடும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வின் தலை பளு இழுக்கும்போது 700 டிகிரிக்கு மேல் போகும். அந்த வால்வின் நிலைமைதான் எனக்கு வேண்டும். கோளாறு எங்கே வருகிறதோ அங்கே, வருகிற நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஆறிய இன்ஜினைப் பட்டறையில் பிரித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

வாத்தியாரைப் பின்னால் உட்காரவைத்து அடிவாரத்திலிருந்து ஏறினேன். பையன் டூல்ஸ் பையோடு இன்னொரு வண்டியில் வந்தான். சொன்னபடியே பாதி தூரத்தில் இழுவை சோர்ந்தது. கியரைக் குறைத்தேன். சைலன்சரில் ஒரு வெடி. நின்றது. ஓரமாக நிறுத்தி கிக்கரை அழுத்தினேன், கால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. டீகம்ப்ரஷர் கேபிள் என் சட்டைப் பையில் இருந்ததால் அதன்மேல் பழி போட வழியில்லை.

புல்லட்டில் ஒரு வசதி உண்டு. டாப்பெட் பார்க்க ஹெட் பக்கமே போக வேண்டியதில்லை. சிலிண்டருக்கு வலது பக்கம் கீழே ஒரே நட்டில் நிற்கும் மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் கால்மாட்டையும் பார்க்கலாம். டாப்பெட் அளவை வைக்கும் இடமும் அதுதான். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூடியை எடுத்தேன். சூடான எண்ணெய் கொஞ்சம் வழிந்தது. இன்ஜினைக் கம்ப்ரஷன் நிலைக்கு, அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டிய இடத்துக்கு, மெல்லத் திருப்பினேன். கம்ப்ரஷனே இல்லாத இன்ஜினில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது லேசல்ல. இன்டேக் புஷ்ராடு ஏறி இறங்கியதைப் பார்த்து, பிளக்கைக் கழற்றித் துளைக்குள் ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டு, பிஸ்டன் மேலே வந்ததை உறுதி செய்துகொண்டேன்.

இன்டேக் புஷ்ராடை இரண்டு விரலால் திருகினேன். தடையின்றிச் சுழன்றது, மேலும் கீழும் ஆட்டம் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் புஷ்ராடைத் தொட்டேன். அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தீக்குச்சிக் கனத்துக்கு மேலும் கீழும் கடகடவென்று ஆடியது.

புஷ்ராடு தளர்ந்திருந்தால் ராக்கர் வால்வை அழுத்தவில்லை என்று அர்த்தம். அழுத்தாதபோது ஸ்பிரிங் வால்வை மேலே இழுத்து, ராக்கரின் மறுமுனையைக் கீழே தள்ளி, புஷ்ராடின் தளர்வை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் வால்வு இறங்கிய இடத்திலேயே நிற்கிறது, ஸ்பிரிங்கால் அதை இழுக்க முடியவில்லை. வால்வு கைடுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

வாத்தியாரை அழைத்து அந்தப் புஷ்ராடைப் பிடித்து ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். "சரி, இதுக்கு என்ன பண்ணணும்?" "பிடிச்சுக்கிட்டே இருங்க சார்." அவரும் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து ஹெட்டுக்குள் 'டிக்' என்று சின்ன சத்தம் கேட்டது. வாத்தியார் கையை வெடுக்கென்று எடுத்தார். மறுபடி தொட்டுப் பார்த்தால் ஆட்டம் போய்விட்டது. ஆறியதும் வால்வின் தண்டு சுருங்கி, பிடி விட்டு, ஸ்பிரிங் வால்வை மூடிவிட்டது. பிளக்கைப் போட்டு மிதித்தோம், வண்டி ஓடியது. இத்தனை நாளாக அவரைச் சுற்றவிட்ட கோளாறு அவர் விரல் நுனியிலேயே வந்துபோனது.

பட்டறைக்குத் திரும்பி ஹெட்டைக் கழற்றியபோது நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நன்றாக இருந்தது. ஹெட்டைப் போர்ட் மேலே பார்க்கும்படி சாய்த்து வைத்து, ஒவ்வொரு போர்ட்டிலும் மண்ணெண்ணெய் ஊற்றினேன். வால்வு சரியாக உட்காராவிட்டால் எரியறைப் பக்கம் ஈரம் கசியும். (எக்ஸாஸ்ட் பக்கம் இந்தச் சோதனை செய்யும்போது டீகம்ப்ரஷர் வழியாகவும் கசியக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். அதை வால்வுக் கசிவு என்று எண்ணி, பாவம், வால்வைப் பேஸ்ட் போட்டு உரசியே தேய்த்தவர்கள் உண்டு.) இங்கே ஒரு சொட்டுக்கூட வரவில்லை. வால்வு முகத்திலும் சீட்டிலும் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் ஓடியது. யாரோ பொறுமையாக லேப்பிங் செய்திருக்கிறார்கள்.

வால்வு என்றாலே லேப்பிங் என்று நம் பட்டறைகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. என்ன கேட்டாலும் "பேஸ்ட் போட்டு உரசிடலாம்ணா" என்பார்கள். உரசுவதால் இரண்டு பரப்புகள் ஒன்றோடு ஒன்று பழகும், அவ்வளவுதான். கைடு கோணலாக நின்றால் அது நிமிராது. தண்டு இறுகினால் தளராது. வால்வு எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது சீட் அல்ல, கைடு. ஆகவே நான் பேஸ்ட்டைக் கடைசியில், அதுவும் அச்சு எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் எடுப்பேன். பாதி வளையம் மட்டும் விழுந்தால் சீட் கட்டருக்குப் போவேனே தவிர, மீதிப் பாதி விழும்வரை உரசிக்கொண்டிருக்க மாட்டேன். அப்படி உரசினால் சீட் அகலமாகிவிடும், அகலமான சீட்டில் கரி உட்காரும்.

ஸ்பிரிங்கை அமுக்கி லாக்கை எடுத்து, எக்ஸாஸ்ட் வால்வைக் கையில் வாங்கினேன். தண்டில் அடையாளம் தெளிவாக இருந்தது. தலைக்கு அருகில், கைடின் அடிப்பாகத்துக்குள் ஓடும் இடத்தில், எதிரெதிராக இரண்டு கோடுகள் கண்ணாடிபோல மினுங்கின. அவற்றைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் எண்ணெய் கருகி ஒட்டியிருந்தது. தண்டின் மேல் பாதியில் ஒரு கீறல்கூட இல்லை.

பையனிடம் ஒரு காந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். தண்டின் மேல் நுனியில் ஒட்டியது, தலையில் ஒட்டவில்லை. இப்போது கிடைக்கும் எக்ஸாஸ்ட் வால்வுகளில் பல இப்படித்தான். தலைப் பக்கம் சூடு தாங்கும் ஒருவகை எஃகு, மேல் தண்டு சாதாரண எஃகு, இரண்டையும் சுழற்றி உரசி ஒட்டவைத்திருப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வால்வுதான். ஆனால் காந்தம் ஒட்டாத அந்த எஃகு, சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். 8 மில்லிமீட்டர் தண்டு என்று வைத்துக்கொண்டால், 400 டிகிரி ஏறும்போது அது ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் தடிக்கும். கைடு அவ்வளவு சூடாகாது, 200 டிகிரி ஏறினால் அதன் துளை 0.02 பெரிதாகும். மீதி 0.04 மில்லிமீட்டரை நாம்தான் முன்கூட்டியே விட்டுவைத்திருக்க வேண்டும். லேத்துக்காரர் பாஷையில் ஒன்றரை தௌ. எண்ணெய்க்கும் கரிக்கும் இடம் வேண்டுமென்றால் எக்ஸாஸ்டுக்கு இரண்டரை, மூன்று தௌ இருந்தால்தான் எனக்கு நிம்மதி. இன்டேக்கை உள்ளே வரும் பெட்ரோல்-காற்றுக் கலவையே குளிர்விப்பதால் அதற்கு அதைவிடக் குறைவு போதும்.

அப்படியானால் லேத் பட்டறையில் அளவு பார்க்காமலா விட்டார்கள்? பார்த்திருக்கிறார்கள். கைடின் மேல் முனையில் சிறு துளை கேஜை விட்டு அளந்தால் போதிய இடைவெளி இருந்தது. அதே கேஜை இன்னும் உள்ளே இறக்கினால் நடுப்பகுதிக்கு வரும்போது கை தடைபட்டது. கைடின் மேல் முனை ஹெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தனியாக நிற்கும். ஹெட்டுக்குள் இருக்கும் பகுதியை அலுமினியம் சுற்றிலும் நெருக்கும். அடித்து இறக்கும்போது அந்த நெருக்கலில் துளை சுருங்கும். கைடுக்கு ரீமர் விட்டுவிட்டு ஹெட்டில் இறக்கினால், வாயில் ஒரு அளவும் வயிற்றில் ஒரு அளவும் இருக்கும். ஹெட்டில் இறக்கிய பிறகுதான் ரீமர் விட வேண்டும். சூட்டில் அலுமினியம் விரிந்து பிடி கொஞ்சம் தளரத்தான் செய்யும், ஆனால் தண்டு தடிக்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

லேத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். சண்டை போட அல்ல, அடுத்த ஹெட்டும் அவரிடம்தான் போகப்போகிறது.

"போட்டப்புறம் வால்வ விட்டுப் பாத்தங்கண்ணா. வழுக்கிட்டுப் போச்சே."

"ஆறியிருக்கும்போது போகும். அது எக்ஸாஸ்ட்."

"புதுக் கைடு, டைட்டாத்தான் இருக்கணும். லூஸா விட்டா எண்ணெய் குடிக்குதுன்னு நீங்களே வந்து நிப்பீங்க."

அதிலும் உண்மை இருந்தது. எண்ணெய் குடிக்கும் வண்டி புகையைக் காட்டும், கஸ்டமர் மறுநாளே வந்துவிடுவார். இறுகிய வால்வு ஊருக்குள் எதையும் காட்டாது. ஆகவே பட்டறைகள் எப்போதும் இறுக்கத்தின் பக்கம்தான் சாயும். ஆனாலும் எண்ணெய் பெரும்பாலும் உள்ளே போவது இன்டேக் கைடு வழியாக. அங்கேதான் உறிஞ்சல் இருக்கிறது. எக்ஸாஸ்ட் கைடில் அரை தௌ கூடுதலாக விட்டதற்காக எந்தப் புல்லட்டும் புகைவிட்டு நான் பார்த்ததில்லை.

ரீமர் வேலையை நானே செய்தேன். மண்ணெண்ணெயும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து தடவி, ஒரே திசையில் சுற்றிக்கொண்டே உள்ளே விட்டு, அதே திசையில் சுற்றிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் ரீமரின் விளிம்பு மழுங்கும், துளையில் கோடு விழும். வார்ப்பிரும்புத் தூள் சுருண்டு வராமல் கறுப்பு மாவாக வரும். நடுப்பகுதியைக் கடக்கும்போது கைக்குத் தெரிந்த கடினம், அந்தப் பக்கம் போனதும் விட்டது. பிறகு வால்வைப் போட்டு, முழுத் திறப்பு அளவுக்குத் தூக்கி, தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். முன்பு துளியும் ஆடாதது இப்போது கைக்கு மட்டும் தெரியும்படி, கண்ணுக்குத் தெரியாதபடி அசைந்தது.

கைடில் கை வைத்தால் சீட்டிலும் கை வைத்தே ஆக வேண்டும். துளையின் மையம் மயிரிழை நகர்ந்தாலும் பழைய வளையம் பொய்யாகிவிடும். கைடுக்குள் பைலட்டை நிறுத்தி 45 டிகிரி கட்டரால் ஒரு சுற்று லேசாக எடுத்தேன். ஒரு பக்கம் பளிச்சென்று வெட்டியது, எதிர்ப்பக்கம் தொடவில்லை. இன்னொரு சுற்றில் முழு வளையமும் வந்தது. வெளி ஓரத்தையும் உள் ஓரத்தையும் குறுக்கி, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவந்தேன். அதன்பிறகுதான் பேஸ்ட், அதுவும் மெல்லிய ரகம், சில திருப்பல்கள். பேஸ்ட்டைக் கழுவ மண்ணெண்ணெய் போதாது. சோப்புத் தண்ணீரில் கைடுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கைடுக்குள் தங்கிய ஒரு கடுகளவு பேஸ்ட் புதுக் கைடை அரைத்துத் தின்றுவிடும்.

அதே பட்டறையில் அதே முறையில் வந்த இன்டேக் கைடையும் அளந்தேன். அதிலும் நடுவில் சுருக்கம் இருந்தது, ஆனால் இன்டேக்குக்குப் போதுமான இடைவெளி மிச்சம் இருந்ததால் தொடவில்லை. ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் ஒரு கிளையில் கேஸ்கெட் பசை பிதுங்கி உள்ளே போய் வழியைப் பாதி அடைத்திருந்தது. அது எக்ஸாஸ்ட் பக்கக் கிளை. இறுக்கமான கைடுக்குப் போகும் எண்ணெயையும் குறைத்தால் என்ன ஆகும்? எது முதல் குற்றவாளி, எது துணை என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் சரிசெய்தோம்.

பூட்டிய பிறகு டாப்பெட் அளவைப் பற்றி வாத்தியாரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. இந்த இன்ஜினுக்கு ஆறிய நிலையில் இடைவெளி பூஜ்யம். புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சிலிண்டரும் ஹெட்டும் சூட்டில் உயரும்போது இடைவெளி தானே வந்துவிடும், கொஞ்சம் டிக்டிக் சத்தமும் வரும். அந்தச் சத்தம் பிடிக்காமல் புஷ்ராடு சுழலாத அளவுக்கு ஏற்றி வைக்கச் சொல்கிறவர்கள் அதிகம். பிற்காலப் புல்லட்டுகளில் UCE இன்ஜின் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. அதில் ஹைட்ராலிக் டாப்பெட், சத்தமே வராது. அதன்பிறகு பழைய வண்டியும் அப்படியே ஓட வேண்டும் என்று ஆசை. ஏற்றிவைத்த எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் நெருப்பில் நிற்கும். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கிவிடுவது மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான். அந்த நேரத்தைப் பிடுங்கினால் ஓரம் கருகி ஓட்டை விழும்.

"கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்ங்கிறீங்க."

"இருக்கட்டும் சார். சத்தம் வராம நின்னாத்தான் என்கிட்ட வரணும்."

மறுநாள் காலை அவரும் நானும் அதே மலையில் ஏறினோம். ஏரிவரை நிற்காமல் போய்ச் சேர்ந்து, அங்கே டாப்பெட் மூடியைத் திறந்தோம். இரண்டு புஷ்ராடிலும் ஒரே அளவு சிறு தளர்வுதான். சூட்டில் வர வேண்டியது.

புது ஹெட் கேஸ்கெட் ஓடி அமுங்கிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று 500 கிலோமீட்டரில் வரச் சொல்லியிருந்தேன். வந்தார். ஆறவைத்து, குறுக்காக மாறிமாறி முறுக்கினேன். ஹெட் அந்த அளவுக்குக் கீழே இறங்குமே, எக்ஸாஸ்ட் புஷ்ராடு சுழலாமல் நின்றது. டாப்பெட் அளவைத் திரும்ப வைக்காமல் வண்டியை அனுப்பினால் இவ்வளவு பாடுபட்டதும் அடுத்த மலையில் வேறொரு வழியில் திரும்பி வரும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கொஞ்சம் இறக்கி, சுழலும்வரை வைத்து இறுக்கினேன். வாத்தியார் கேட்காமலேயே குனிந்து இரண்டு விரலால் திருகிப் பார்த்துவிட்டு, மூடியை அவரே போட்டு நட்டை முறுக்கினார்.